ஆடிப்பட்டத்தில் எங்களோடு பங்கு சேருங்கள்: சென்னை அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்போர் நலச் சங்க நிர்வாகிகளுக்கும், அந்த வீடுகளில் தினமும் காய் நறுக்கிச் சமைக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

ஆனி முடியப்போகிறது. திண்டிவனத்துக்கும் மயிலத்துக்கும் நடுவே இருக்கும் எங்கள் தோட்டத்தில் கோடை உழவு முடிந்து, தொழு உரம் இறைத்தாயிற்று. அவரை, பீர்க்கை, புடலை, பாகல், வெண்டை என்று போன பட்டத்தில் எடுத்து வைத்த விதைகளைப் பெண்கள் முறத்தில் கொட்டிச் சொத்தை பொறுக்குகிறார்கள். ஆடி பிறந்து ஒரு நல்ல மழை இறங்கியதும் விதைப்போம். வருஷத்தில் எங்களுக்குப் பணம் அதிகம் தேவைப்படுவது இந்த நேரத்தில்தான். கையில் பணமே இல்லாமல் இருப்பதும் இந்த நேரத்தில்தான். பந்தல் கம்பி வாங்க வேண்டும், உழவுக் கூலி பாக்கி இருக்கிறது, ஆவணியில் களை எடுக்க ஆள் விட வேண்டும். இதற்கெல்லாம் செலவழித்த காசு முழுதாகக் காயாகத் திரும்புவது தையில்தான். இடையில் இருக்கும் ஆறு மாதத்தை எங்கள் பக்கத்தில் பெரும்பாலானோர் வட்டிக்கு வாங்கித்தான் கடக்கிறார்கள்.

நாங்கள் ஐந்து குடும்பம் சேர்ந்து ஆறு ஏக்கரில் காய்கறி போடுகிறோம். மருந்து அடிப்பதில்லை. சில வருடங்களாக உங்களில் சில குடியிருப்புகளுக்குச் சனிக்கிழமை காலையில் கூடை கொண்டுவருகிறோம். இந்த ஆடிப்பட்டத்துக்கு இன்னும் சில சங்கங்களைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று பேசி முடிவு செய்திருக்கிறோம். அதற்காகத்தான் இந்த மடல்.

நாங்கள் கேட்பது இதுதான்: கிலோவுக்கு விலை பேசி வாங்குவதை விட்டுவிட்டு, ஒரு பட்டம் முழுவதற்கும் எங்களோடு பங்கு சேருங்கள். ஒரு பங்குக்கு 12,000 ரூபாய். பாதி ஆடியில், மீதி கார்த்திகையில். புரட்டாசி நடுவில் தொடங்கி மாசி வரைக்கும் 20 சனிக்கிழமை கூடை வரும். நல்ல வாரத்தில் ஏழெட்டு வகையில் ஏழு கிலோ இருக்கும். மோசமான வாரத்தில் மூன்று கிலோகூடத் தேறாது. இரண்டு வாரத்துக்கும் காசு ஒன்றுதான். இந்த மூன்று கிலோ வாரத்தைப் பற்றித்தான் உங்களிடம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. ஏனென்றால் சங்கங்கள் எங்களை விட்டுப் போவது அந்த வாரத்தில்தான்.

முதலில் கிலோ விலையின் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியதும், சென்னையில் ரேஷன் கடைகளில் அரசு 60 ரூபாய்க்கு விற்றதும் உங்களுக்கு நினைவிருக்கும். தொலைக்காட்சியில் தினமும் அதுதான் செய்தி. அதே வருஷம் செப்டம்பரில் ஆந்திராவிலும் மகாராஷ்டிராவிலும் மொத்தச் சந்தையில் கிலோ பத்து ரூபாய்க்கும் கீழே போய், விவசாயிகள் பறிக்கிற கூலிகூடக் கட்டாமல் ரோட்டில் கொட்டினார்கள். விலை ஏறியபோது நட்டவர்கள்தான் விலை விழுந்தபோது அறுவடை செய்தவர்கள். நட்டதற்கும் பறிப்பதற்கும் இடையில் இரண்டு மூன்று மாதம் ஓடிவிடுகிறது, சந்தை அதற்காகக் காத்திருப்பதில்லை. 2024 அக்டோபரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட ஓர் ஆய்வறிக்கையின்படி, தக்காளிக்கு நீங்கள் கொடுக்கும் ஒரு ரூபாயில் விவசாயிக்கு வந்து சேர்வது சுமார் 33 காசு. வெங்காயத்துக்கு 36, உருளைக்கிழங்குக்கு 37. மீதி எல்லாம் யாரோ கொள்ளையடிப்பது என்று நான் சொல்லவில்லை. லாரி வாடகை, சுமை கூலி, கமிஷன், அழுகல் என்று நியாயமான செலவும் அதில் இருக்கிறது. ஆனால் பயிர் பொய்த்தால் வரும் நட்டத்தில் அந்த 67 காசுக்காரர்கள் யாருக்கும் பங்கு கிடையாது. அது முழுக்க முழுக்க நிலத்தில் நிற்பவன் தலையில்தான்.

1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தபோது இந்த இடைவெளி பெரிய அளவில் குறைந்தது. எங்கள் பெரியவர்கள் இன்றைக்கும் அதை நன்றியோடு சொல்வார்கள். கமிஷன் இல்லாமல் நேராக விற்கலாம். ஆனால் அங்கேயும் காய் இருந்தால்தான் காசு. விதைக்கிறபோது தேவைப்படும் பணத்தையும், காயே வராத வாரத்தையும் உழவர் சந்தை கவனித்துக்கொள்ள முடியாது. பயிர்க் காப்பீடு இருக்கிறதே என்று ஒரு சங்கக் கூட்டத்தில் கேட்டார்கள். அது அரசு அறிவித்த பயிருக்கு, அறிவித்த பிர்க்காவில், அதாவது சில கிராமங்கள் சேர்ந்த வருவாய்ப் பகுதியில்தான் கிடைக்கும். இருபது வகை கலந்து நிற்கிற தோட்டத்தை அந்தக் கணக்குக்குள் கொண்டுவருவது மிகக் கடினம்.

சரி, கூடையில் என்ன வரும், எப்போது வரும் என்று பார்ப்போம். சங்கங்களில் முதலில் கேட்கப்படுவதும் இதுதான்.

புரட்டாசியில் வெண்டைக்காய்தான் கூடையை ஆளும். விதைத்து 45 நாளில் காய்க்கத் தொடங்கினால் ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தே ஆக வேண்டும். ஒரு முறை தவறினால் நார் விழுந்து முற்றிவிடும், செடியும் அடுத்த காய் வைப்பதைக் குறைத்துவிடும். விடிவதற்கு முன்பே பெண்கள் முழுக்கை சட்டையைப் புடவைக்கு மேலே போட்டுக்கொண்டு பாத்திக்குள் இறங்குவார்கள். வெண்டைச் செடியின் சுணை பட்டால் கையெல்லாம் அரிப்பெடுக்கும், விரலில் துணி சுற்றியும் தாங்காது. நீங்கள் கடையில் நுனியை ஒடித்துப் பார்ப்பீர்களே, அது அவர்களுக்குத் தேவையே இல்லை. காயைத் தொடுகிற தொடுதலிலேயே பிஞ்சா முற்றலா என்று தெரிந்துவிடும். அந்த மாதத்தில் வாரம் ஒரு கிலோவுக்குக் குறையாமல் வெண்டைக்காய் வந்துகொண்டே இருக்கும். கூடவே கொத்தவரங்காய், பாகற்காய், அரைக்கீரை, சிறுகீரை.

ஐப்பசி வந்தால் பந்தல் காய் சேரும். பீர்க்கை, புடலை, சுரை. பீர்க்கையும் சுரையும் சாயங்காலம் பூக்கும், புடலை இருட்டில் விரியும், பாகல் காலையில் பூக்கும். பூவில் தேனீயோ அந்துப்பூச்சியோ வந்து உட்கார வேண்டும். விடாமல் மழை பெய்கிற நாளில் எதுவும் பறக்காது, பூ அப்படியே உதிர்ந்துவிடும். பத்துநாள் கழித்து உங்கள் கூடையில் பீர்க்கங்காய் இல்லை என்றால் பத்துநாளைக்கு முந்தைய மழையை எண்ணிக்கொள்ளுங்கள். புடலங்காய் வளைந்து வருகிறது என்று ஒரு புகார் உண்டு. நேராக வருவதற்கு நுனியில் சின்னக் கல் கட்டித் தொங்கவிடுவார்கள். நாங்களும் கட்டுகிறோம். எல்லாக் காய்க்கும் கட்ட ஆள் போதாது. வளைந்த புடலை நேர்ப்புடலையைவிட ருசியில் ஒரு துளிகூடக் குறைவில்லை.

கார்த்திகை எங்களுக்குக் கஷ்டமான மாதம். வடகிழக்குப் பருவமழைதான் எங்கள் கிணற்றுக்கும் ஏரிக்கும் உயிர், அதையே நம்பி வருஷம் ஓடுகிறது. ஆனால் கீரை இலையில் வெள்ளைக் கொப்புளம் விழும், கத்தரி வேர் அழுகும், வெண்டை ஓய்ந்துபோகும். அந்த மாதத்தில் வாழைப்பூ, வாழைத்தண்டு, சேப்பங்கிழங்கு, கொடிப்பசலை, பொன்னாங்கண்ணி, எடுத்து வைத்த பரங்கிக்காய் என்றுதான் கூடை வரும். வாழைத்தண்டை நறுக்க நேரமில்லை என்பவர்கள் உண்டு. உண்மைதான், நார் எடுத்து மோரில் போட்டு வைக்க அரைமணி நேரம் பிடிக்கும். அந்த வாரங்களில் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கிறோம்.

மார்கழி பாதியிலிருந்து தோட்டத்தின் நிலைமையே மாறும். அவரை, மொச்சை, கத்தரி, தக்காளி, முள்ளங்கி, சர்க்கரைவள்ளி, சேனை எல்லாம் ஒன்றாகக் கைக்கு வரும். பொங்கலுக்கு ஏழு காய்க் குழம்பு வைப்பதற்கு எங்கள் பக்கத்தில் யாரும் காய் தேடி அலைந்ததில்லை. அந்த ஏழும் தையில் தோட்டத்தில் ஒன்றாக நிற்பவை. தை முதல் வாரக் கூடையைத் தூக்கிப் பார்த்த ஒரு அம்மா, மூன்று வீட்டுக்கு ஆகும் போலிருக்கே என்றார். ஆகும். கார்த்திகையில் குறைந்ததெல்லாம் அப்போது கூடையில் ஏறிவிடுகிறது. மாசியில் தக்காளியும் பரங்கியும் குவியும், முருங்கை தொடங்கும். அதோடு ஆடிப்பட்டப் பங்கு முடியும்.

சித்திரை, வைகாசிக்குத் தனியாகச் சின்னப் பங்கு வைத்திருக்கிறோம். வெள்ளரி, முருங்கை, மாங்காய், பலாக்கொட்டை, சுண்டைக்காய், மணத்தக்காளி. அப்போது தக்காளி கேட்காதீர்கள். பகல் வெயில் 35 டிகிரிக்கு மேல் போனால் தக்காளிப் பூவின் மகரந்தம் வீணாகி, பூ காய் பிடிக்காமல் கொட்டிவிடும். எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அப்படித்தான். கேரட், பீன்ஸ், காலிஃபிளவர் போன்ற இங்கிலீஷ் காய்கள் நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் ஓசூர்ப் பக்கமிருந்தும் வருபவை. எங்கள் மண்ணிலும் எங்கள் வெயிலிலும் அவற்றை மருந்தில்லாமல் எடுக்க முடியாது. அவற்றை நீங்கள் வழக்கமான கடையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், அதில் எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை.

இனி அந்த மூன்று கிலோ வாரம்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகராமல் நின்று பெய்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை. கார்த்திகை பாதி அது. எங்கள் அவரைப் பந்தல் அப்போதுதான் கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தது. காலையில் போய்ப் பார்த்தபோது கல்தூண்கள் மூன்று வரிசை சாய்ந்து, கம்பியோடு கொடி மொத்தமும் இடுப்பளவுத் தண்ணீருக்குள் கிடந்தது.

நகரத்தில் இருப்பவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். கொடியவரை பகல் குறுகினால்தான் பூக்கும். ஆடியில் விதைத்து, ஆவணி புரட்டாசி முழுக்கக் கொடி ஓடி, ஐப்பசி கார்த்திகையில் பகல் குறையக் குறையப் பூவெடுத்து, மார்கழி தையில் காய்க்கும். நான்கு மாதம் வளர்ந்த கொடி கார்த்திகையில் போய்விட்டால், மறுபடியும் விதைத்து அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. கொடி வளர்வதற்குள் பகல் நீளத் தொடங்கிவிடும். அந்த வருஷத்து அவரை அவ்வளவுதான். வெண்டையோ கீரையோ போனால் ஒரு மாதத்தில் ஈடுகட்டலாம். அவரை போனால் அடுத்த தைக்குத்தான் பார்க்க முடியும்.

தண்ணீர் வடிந்த பிறகு நான்கு வாரம் கூடையில் என்ன வைப்பதென்றே தெரியவில்லை. வாழைத்தண்டு, சேப்பங்கிழங்கு, பரணில் இருந்த பரங்கிக்காய், வேலியோரத்து முருங்கைக்கீரை. மூன்றாவது வாரம் ஒரு சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. பேர் வேண்டாம், நல்ல மனிதர்கள்தான். கட்டிய தொகைக்கு ஏற்ற காய் வரவில்லை, மீதிப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். வட்டிக்கு வாங்கித் திருப்பிக் கொடுத்தோம். கடைக்காரரிடம் காசு கொடுத்துச் சாமான் வராவிட்டால் கேட்பதுபோலத்தான் அவர்கள் கேட்டார்கள். பங்கு என்றால் என்ன என்பதை அவர்களுக்கு யாரும் விளக்கமாகச் சொல்லவில்லை. எழுதிக் கையெழுத்து வாங்கிய தாளில் அது ஒரே ஒரு வரிதான். இந்த மடல் இவ்வளவு நீளமாக இருப்பதற்கு அந்தக் கடிதமும் ஒரு காரணம்.

மற்றச் சங்கங்கள் நின்றன. கார்த்திகைத் தவணையை ஒருவர்கூடப் பாக்கி வைக்காமல் கட்டினார்கள். அந்தப் பணத்தில்தான் தண்ணீர் வடிந்த மறுவாரமே தூண்களை நிமிர்த்தி, கம்பி இழுத்து, பிழைத்த கொடியைத் தூக்கிக் கட்டினோம். கிட்டத்தட்டப் பாதிக் கொடி பிழைத்தது. காலியான பாத்தியில் முள்ளங்கியும் தண்டுக்கீரையும் விதைத்தோம். மார்கழிக் கடைசியில் கூடை பழைய எடைக்கு வந்தது, தையில் அவரையும் வந்தது, வழக்கத்தில் பாதிதான். தூணை நிமிர்த்த ஒரு மாதம் தாமதித்திருந்தால் அந்தப் பாதியும் இல்லை. பங்குப் பணம் என்ன வேலை செய்கிறது என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

இது எங்கள் ஐந்து குடும்பம் கண்டுபிடித்த ஏற்பாடு அல்ல. ஜப்பானில் பூச்சிக்கொல்லிக்கும் ஆலைக் கழிவுக்கும் பயந்த நகரத்துக் குடும்பங்கள், பெரும்பாலும் தாய்மார்கள், விவசாயிகளோடு நேரடியாகப் பேசி இப்படி ஏற்பாடு செய்துகொண்டார்கள். தெய்க்கெய் என்று அதற்குப் பெயர். 1971-ல் ஜப்பான் இயற்கை வேளாண்மைச் சங்கம் தொடங்கியது. 1978-ல் அவர்கள் பத்து நெறிகளை எழுதி வைத்தார்கள். அதில் ஒன்று, விவசாயி அனுப்புவதை முழுவதுமாக வாங்கிக்கொண்டு, வந்த காய்க்குத் தக்கபடி வீட்டுச் சமையலை அமைத்துக்கொள்வது. அமெரிக்காவில் 1986-ல் மாசசூசெட்ஸிலும் நியூ ஹாம்ப்ஷயரிலும் இரண்டு பண்ணைகள் இதே வழியில் தொடங்கின. நியூ ஹாம்ப்ஷயரின் டெம்பிள்-வில்ட்டன் பண்ணையில் வருஷத் தொடக்கத்தில் பண்ணைச் செலவுக் கணக்கை உறுப்பினர்கள் முன்னால் வைப்பார்கள். ஒவ்வொரு குடும்பமும் தன்னால் முடிந்ததைச் சொல்லும், எல்லாம் கூட்டிச் செலவுக்கான தொகை வரும்வரை பேசுவார்கள். பிறகு அவரவர் தேவைக்கு எடுத்துக்கொள்வார்கள். பிரான்சில் 2001-ல் தொடங்கியது இன்று நாடு முழுக்கப் பரவியிருக்கிறது. எங்களுக்கு மிக அருகில், ஆரோவில்லில் சாலிட்யூட் பண்ணை உள்ளூரில் தானாக விளைகிற கீரையையும் கிழங்கையும் காயையும் கூடையாகக் கொடுத்துவருகிறது. டெம்பிள்-வில்ட்டன் அளவுக்கு உங்களிடம் கேட்க எங்களுக்குத் துணிச்சல் வரவில்லை. ஆனால் கணக்கை முன்னால் வைப்பதை மட்டும் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் மனக்குறைகளையும் பேசிவிடுகிறேன். கத்தரிக்காயில் ஓட்டை. தண்டையும் காயையும் துளைக்கும் ஒரு புழுதான் கத்தரிக்குப் பெரிய எதிரி. வாடிய குருத்தைக் கிள்ளி எரிக்கிறோம், ஆண் பூச்சியை வாசனை காட்டிப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வைக்கிறோம், வேப்பங்கொட்டைக் கரைசலும் கொடுமுடி டாக்டர் நடராஜன் வகுத்துத் தந்த பஞ்சகவ்யாவும் தெளிக்கிறோம். இத்தனைக்கும் பிறகு பத்தில் ஒன்றில் புழு இருக்கத்தான் செய்யும். வெளியே ஓட்டை தெரிகிற காயைத் தோட்டத்திலேயே கழித்துவிடுவோம். உள்ளே இருப்பது அரிவாள்மணையில்தான் தெரியும். அந்தத் துண்டை வெட்டிப் போட்டுவிட்டு மீதியைச் சமையுங்கள். பளபளவென்று ஓட்டையே இல்லாத கத்தரிக்காய் வாராவாரம் வேண்டுமென்றால் அதற்கு அடிக்க வேண்டிய மருந்தின் அளவை எங்கள் பக்கத்து வயல்களில் பார்த்திருக்கிறேன். என் பிள்ளைகளுக்கு அதைச் சமைத்துப் போட எனக்கு மனம் வராது, உங்கள் பிள்ளைகளுக்கு அனுப்பவும் வராது.

ஒரே காய் திரும்பத் திரும்ப வருகிறது என்பது இன்னொன்று. இதற்கு வழி உங்கள் குடியிருப்பிலேயே இருக்கிறது. ஒவ்வொரு மாடியிலும் அறுபது எழுபது வயதில் ஒரு அம்மாவோ பாட்டியோ இருப்பார்கள். பீர்க்கங்காய்த் தோலில் துவையல், சுரைக்காயில் அடை, கொத்தவரையிலும் சுண்டைக்காயிலும் வற்றல், பரங்கிப் பிஞ்சில் பொரியல், முற்றின வெண்டையில் மோர்க்குழம்பு என்று அவர்கள் கையில் இருக்கும் வித்தைக்கு இன்றைய சமையலறையில் வேலை இல்லாமல் போயிருக்கிறது. பெருங்குடிப் பக்கம் ஒரு குடியிருப்பில் மாசியில் தக்காளி குவிந்தபோது, இரண்டு மூத்த பெண்மணிகள் மொட்டைமாடியில் வேட்டியை விரித்து அத்தனையையும் வற்றலாகப் போட்டுவிட்டார்கள். வைகாசியில் தக்காளி விலை ஏறியபோது அந்த வீடுகளில் ரசத்துக்குக் குறைவில்லை.

சங்க நிர்வாகிகளிடம் தனியாகச் சில உதவிகள் கேட்க வேண்டும். சனிக்கிழமை காலை ஆறு முதல் எட்டு வரை தரைத்தளத்தில் நிழலான ஒரு மூலை வேண்டும். வாகன நிறுத்தத்தில் இரண்டு கார் நிற்கிற அளவு போதும். அதற்கு வாடகை கேட்காமல் இருந்தால் பெரிய உதவி. ஒரு குடியிருப்பில் குறைந்தது பதினைந்து பங்காவது சேர்ந்தால்தான் வேன் டீசல் செலவு கட்டுப்படியாகும். அந்த மூலையில் ஒரு பொதுக்கூடை வைப்போம். பாகற்காய் பிடிக்காதவர் அதில் போட்டுவிட்டு அங்கே கிடக்கிற வேறு காயை எடுத்துக்கொள்ளலாம். ஊருக்குப் போகிறவர் தன் கூடையை அந்த வாரம் வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கோ காவலர் அண்ணனுக்கோ கொடுக்கச் சொல்லிவிட்டுப் போகலாம். பல இடங்களில் இது தானாகவே நடக்கிறது.

அப்புறம் குப்பை. திடக்கழிவு மேலாண்மை விதிகள் பெரிய குடியிருப்புகள் தங்கள் ஈரக் குப்பையைத் தங்கள் வளாகத்திலேயே முடிந்தவரை உரமாக்க வேண்டும் என்று சொல்கின்றன. உங்களில் பலர் தொட்டி கட்டி உரமும் போடுகிறீர்கள். போட்ட உரத்தை என்ன செய்வது என்று தெரியாமல் மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். கூடையை இறக்கிவிட்டு எங்கள் வேன் திரும்பும்போது காலியாகத்தான் வருகிறது. மக்கிய உரத்தைச் சாக்கில் கட்டிக் கொடுங்கள், ஏற்றிக்கொள்கிறோம். பிளாஸ்டிக் துண்டும் பேட்டரியும் கலக்காமல் இருந்தால் போதும். அந்த உரத்துக்கு உங்கள் பங்கில் கழித்துக்கொள்ளலாம் என்று எங்களில் சிலர் சொல்கிறார்கள். ஆடிக் கூட்டத்தில் பேசி முடிவெடுக்கலாம்.

முன்பணம் கட்டிவிட்டு நீங்கள் காணாமல் போனால் என்று கேட்பவர்களுக்கு: நியாயமான கேள்வி. பங்குப் பணம் ஐந்து குடும்பத்தின் கூட்டு வங்கிக் கணக்கில்தான் வரவு வைக்கப்படும். உங்கள் சங்கத்திலிருந்து ஒருவர் மாதம் ஒருமுறை கணக்கு நோட்டைப் பார்க்கலாம். எந்தச் சனிக்கிழமையும் சொல்லாமல்கூடத் தோட்டத்துக்கு வரலாம். புயலிலோ வெள்ளத்திலோ பயிர் போனால் பணம் திரும்பாது, அதை இப்போதே தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். எங்கள் அலட்சியத்தாலோ எங்களுக்குள் சண்டையாலோ கூடை நின்றால் மீதி வாரங்களுக்கான பணத்தைத் திருப்பித் தருவோம். இந்த இரண்டையும் இந்த முறை ஒப்பந்தத் தாளில் முதல் பத்தியிலேயே, பெரிய எழுத்தில் போட்டிருக்கிறோம்.

ஆடி முதல் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தோட்டத்தில் கூட்டம். போன வருஷக் கணக்கையும் இந்த வருஷச் செலவுத் திட்டத்தையும் வைக்கிறோம். எந்தக் காய் எத்தனை பாத்தி என்பதை உங்களோடு பேசித்தான் முடிவு செய்யப் போகிறோம். கத்தரியைக் குறைத்து மொச்சையைக் கூட்டலாமா என்பதில் எங்களுக்குள்ளேயே இரண்டு கட்சி இருக்கிறது. சங்கத்துக்கு இரண்டு பேராவது வாருங்கள், சமைக்கிறவர் ஒருவர் கட்டாயம் இருக்கட்டும். பேருந்திலோ ரயிலிலோ வருபவர்களைத் திண்டிவனத்தில் ஒன்பது மணிக்கு எங்கள் வேன் ஏற்றிக்கொள்ளும். மதியம் சாப்பாடு தோட்டத்தில்தான், அதனால் எத்தனை பேர் என்று வியாழக்கிழமை மாலைக்குள் சொல்லிவிடுங்கள். முதல் தவணையை ஆடிப்பெருக்குக்குள் கட்டினால் பந்தல் வேலையைத் தொடங்கிவிடுவோம்.

அன்புடன்,
ஐந்து குடும்பங்களின் சார்பில், சனிக்கிழமை வேனில் கூடையோடு வருபவள்